முழுகாம இருக்கற முதல் மூணு மாசம்: நீங்க கேட்டது, நான் சொல்றது

பென்னாகரம் பக்கம் கொஞ்ச வருஷம், அப்புறம் பர்கூர் பக்கம்னு கிராம சுகாதார செவிலியரா வேலை பாத்து ரிட்டயர் ஆனவ நான். டாக்டர் இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன். ஆரம்ப வாரங்களப் பத்தி சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொன்னதும் கேள்வி கொட்டிடுச்சு, ஒரே மாதிரி வந்தத ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி (பாலக்கோடு): அக்கா, நாள் தள்ளி அஞ்சு நாள் ஆச்சு. கிட்ல ரெண்டாவது கோடு இருக்கா இல்லையான்னே தெரியல, அவ்ளோ மங்கல். நம்பலாமா?

பதில்: பாக்கெட்ல போட்டிருக்கற நேரத்துக்குள்ள வந்துச்சுன்னா மங்கலா இருந்தாலும் கோடு கோடு தான்மா. அரை மணி நேரம் கழிச்சு பாத்தா தெரியற கோட்ட கணக்குல எடுக்காத. ரெண்டு மூணு நாள் விட்டு, காலைல எந்திரிச்சதும் போற மொத யூரின்ல இன்னொரு தடவ போட்டுப் பாரு, ஹார்மோன் ஏறியிருந்தா கோடு தானா அழுத்தமாயிடும்.

கேள்வி (காரிமங்கலம்): கல்யாணம் ஆகி 35 நாள் தான் ஆகுது. ஸ்கேன்ல ஏழு வாரம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. மாமியார் மூஞ்சியே சரியில்ல, வீட்டுக்காரரும் சரியா பேச மாட்டேங்கறார். அழுகையா வருது அக்கா.

பதில்: அழாத கண்ணு, இந்தச் சண்டைய நான் எத்தனையோ வீட்ல தீத்து வச்சிருக்கேன். கர்ப்ப வாரத்த எண்றது கரு சேந்த நாள்ல இருந்து இல்ல, கடைசியா தூரமான, அதாவது பீரியட்ஸ் வந்த, மொத நாள்ல இருந்து. கரு சேர்றதே அதுக்கு சுமாரா ரெண்டு வாரம் கழிச்சு தான், ஆனா வயித்துல ஒண்ணுமே இல்லாத அந்த ரெண்டு வாரமும் கணக்குல சேந்துடும். உனக்கு 35 நாள்னா அஞ்சு வாரம், அதோட ரெண்டு கூட்டு, ஏழு. ரிப்போர்ட் ரொம்ப சரியா இருக்கு. 40 வாரம், 280 நாள்னு சொல்றதும் இந்தக் கணக்கு தான். மாமியாரையும் வீட்டுக்காரரையும் சிஸ்டர் கிட்ட கூட்டிட்டுப் போய் உக்கார வச்சு, காலண்டர்ல விரல் வச்சு எண்ணிக் காட்டச் சொல்லு. வாயால சொன்னா ஏறாது, தேதிய எண்ணிக் காட்டுனா ஏறும்.

கேள்வி (ஊத்தங்கரை): மூணு மாசம் ஆகாம யாருக்கும் சொல்லக்கூடாது, நர்சம்மா கிட்டயும் போகாதன்னு எங்க பாட்டி சொல்றாங்க.

பதில்: ஊருக்கு சொல்லாத, அது உன் இஷ்டம். கரு கலையறது இந்த மூணு மாசத்துல தான் அதிகம், அப்படி ஏதாச்சும் ஆச்சுன்னா வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் பதில் சொல்ல முடியாது, பாட்டி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா நர்சு ஊர்ல சேத்தி இல்லம்மா. கொழந்தையோட மூளையும் தண்டுவடமும் உருவாகற குழாய் இருக்கே, அது நம்ம கணக்குல ஆறாவது வாரத்துலயே மூடிக்கும். போலிக் ஆசிட் மாத்திரை அதுக்குத் தான், தினம் 400 மைக்ரோ கிராம், சில பேருக்கு டாக்டர் கூடுதலா எழுதுவாங்க. கல்யாணம் ஆனதுல இருந்தே போட்டா இன்னும் நல்லது. மூணு மாசம் கழிச்சு வந்து நின்னா அந்த வேலை எப்பவோ முடிஞ்சிருக்கும்.

அப்புறம் பிக்மி நம்பர், கர்ப்பத்த அரசாங்கத்துல பதிஞ்சா குடுக்கற நம்பர், அது இல்லன்னா பின்னாடி பிறப்பு சர்டிபிகேட் வாங்கறப்ப அலையணும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்துல பணமும் ஊட்டச்சத்து பெட்டகமுமா சேத்து வர்ற 18,000 ரூபாய்க்கும் 12 வாரத்துக்குள்ள பதிஞ்சிருக்கணும். போற அன்னிக்கே ரத்த அளவு, ரத்த குரூப்பு, சுகர், எச்.ஐ.வி. எல்லாம் பாத்துடுவாங்க. குரூப்பு நெகட்டிவ்னு வந்தா அத மறக்காம ஒவ்வொரு தடவையும் டாக்டர் கிட்ட சொல்லு.

கேள்வி (மத்தூர்): ஆறு வாரத்துல ஸ்கேன் எடுத்தோம், துடிப்பு தெரியல. கலைச்சுடலாமான்னு வீட்ல பேசறாங்க.

பதில்: அவசரப்படாதீங்க. நாள் கணக்கு ஒரு வாரம் முன்ன பின்ன இருந்தாலே துடிப்பு தெரியாது, பீரியட்ஸ் ஒழுங்கில்லாதவங்களுக்கு இது சகஜம். பத்து பதினாலு நாள் கழிச்சு மறுபடி எடுத்துப் பாக்கணும். ஒரே ஸ்கேன வச்சு எந்த முடிவும் வேண்டாம்.

கேள்வி (அரூர்): லேசா திட்டுத்திட்டா படுது. பயமா இருக்கு.

பதில்: ஆரம்பத்துல கொஞ்சமா படறது நிறைய பேருக்கு நடக்கும், அதுல பெரும்பாலானவங்களுக்கு கரு நல்லபடியா நிக்கும். இருந்தாலும் அன்னிக்கே போய் காட்டிடு. ஆனா ஒரு பக்கமா அடிவயிறு பிடிச்சு இழுக்கற வலி, தல சுத்தி மயக்கம் வர்றது, தோள்பட்ட நுனில வலி, நாப்கின் நனைஞ்சு மாத்திக்கிட்டே இருக்கற அளவு ரத்தம், இதுல எது வந்தாலும் ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் 108 கூப்பிடு. கரு கர்ப்பப்பைக்கு வெளிய குழாய்ல தங்கி வெடிச்சா உள்ளுக்குள்ளயே ரத்தம் கொட்டும், வெளிய கொஞ்சமா தான் தெரியும். கஷாயம் வச்சுக் குடுத்து விடியட்டும்னு காத்திருக்கறது தான் எனக்கு பயம்.

கேள்வி (பெயர், ஊர் வேண்டாம்): இந்த கர்ப்பம் வேண்டாம்னு இருக்கோம். மெடிக்கல் ஷாப்புல மாத்திரை வாங்கிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மேல சொன்ன மாதிரி குழாய்ல இருந்தா அந்த மாத்திரை அத ஒண்ணும் பண்ணாது, ரத்தம் போச்சு சரியாயிடுச்சுன்னு நெனச்சுட்டு இருப்பீங்க, உள்ள வெடிச்சுடும். மொதல்ல ஸ்கேன், அப்புறம் டாக்டர். சட்டத்துலயே வழி இருக்கு, அரசு ஆஸ்பத்திரில பண்றாங்க, ஒளிஞ்சு மறைஞ்சு பண்ண அவசியமில்ல. பொண்ணா இருக்குமோன்னு கேக்கறீங்கன்னா அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். வயித்துல இருக்கறது ஆணா பொண்ணான்னு பாக்கறத 1994லயே சட்டம் போட்டு தடுத்துட்டாங்க. பொண் கொழந்தைய கொல்லாம அரசாங்கத் தொட்டில்ல விட்டுட்டுப் போங்கன்னு தொட்டில் குழந்தை திட்டம் வர வேண்டியிருந்த மாவட்டம் நம்ம தர்மபுரி, அந்தப் பேரு போதும்.

கேள்வி (பென்னாகரம்): களி கிண்டற வாசமே ஆக மாட்டேங்குது, எல்லாம் வாந்தி. தண்ணியும் பிரச்சனை, போர் தண்ணிய காய்ச்சிக் குடிக்கறேன், போதுமா?

பதில்: மசக்கை ஆறாவது வாரத்துல ஆரம்பிச்சு ஒம்பது பத்துல உச்சத்துக்குப் போகும், நாலாவது மாசத்துல பெரும்பாலும் அடங்கிடும். சூடான களி வாசம் குமட்டுனா அத ஆற விட்டு கூழா கரைச்சு மோர் ஊத்திக் குடி, வெறும் வயித்தோட இருக்காத, எந்திரிக்கறதுக்கு முன்னாடியே வாயில ரெண்டு பொரி போடு. தண்ணி கூட நிக்கல, யூரின் கடும் மஞ்சளா கொஞ்சமா போகுது, எடை இறங்குதுன்னா மசக்கைன்னு விடாத, டிரிப்ஸ் போடணும். வாந்திக்கு மாத்திரை டாக்டர் எழுதிக் குடுத்தா தைரியமா போடு.

தண்ணி நல்ல கேள்வி. காய்ச்சுனா கிருமி சாகும், புளோரைடு போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் அடர்த்தியா தான் ஆகும். நம்ம பக்கம் பசங்க பல்லுல பழுப்புக் கறைய பாத்திருப்ப, அதுக்கு காரணம் இது தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்க தெருவுக்கு வருதுன்னா குடிக்கவும் சமைக்கவும் அதையே புடிச்சு வை.

கேள்வி (காவேரிப்பட்டணம்): மாம்பழம், பப்பாளி சாப்டலாமா? சத்து மாத்திரை எப்ப?

பதில்: மாம்பழம் தாராளமா, சுகர் இருந்தா மட்டும் அளவா. பப்பாளி காய் வேண்டாம், நல்லா பழுத்தது பரவால்ல. இரும்புச் சத்து மாத்திரை மூணு மாசம் முடிஞ்சு ஆரம்பிப்பாங்க, அப்ப டீயோட சேத்துப் போட்டா உடம்புல ஒட்டாது. வலி மாத்திரை நீயா வாங்காத. தைராய்டு, பிட்ஸ் மாத்திரை போடறவங்க பயந்துக்கிட்டு நீங்களா நிறுத்தாதீங்க, சீக்கிரம் டாக்டர பாருங்க.

கேள்வி (ஓசூர்): சிப்காட்ல கம்பெனி வேலை, நைட் ஷிப்ட் வருது. சொன்னா வேலைய விட்டு எடுத்துடுவாங்களோன்னு மறைக்கறேன்.

பதில்: மறைக்காத. பெயிண்ட், ஈயம், கெமிக்கல் இருக்கற எடத்துல நின்னா மொதல் மாசங்கள்ல தான் ஆபத்து அதிகம், எடம் மாத்திக் கேக்கணும்னா சொல்லித்தானே ஆகணும். கர்ப்பமா இருக்கறதுக்காக வேலைய விட்டு எடுக்க சட்டத்துல எடமில்ல, மொத ரெண்டு கொழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவும் உண்டு. டாக்டர் சீட்டோட எழுத்துல குடு, ஒரு காப்பில சீல் போட்டு வாங்கி வீட்ல வச்சுக்க.