பேரூராட்சியில் பொது நீச்சல் குளம் அமைக்கத் திட்டமும் நிதியும் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பென்னாகரம் போன்ற ஒரு பேரூராட்சியில் பொது நீச்சல் குளம் கட்ட முடியுமா, பணத்துக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் தருமபுரி மாவட்டத்தில் குடிநீர்ப் பணிகளோடு நெடுங்காலம் தொடர்புடையவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டுவதற்கான பணத்தைத் தேடும் முன்பே, நடத்துவதற்கான பணத்துக்கு வழி செய்துகொள்ளுங்கள்.

சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி ரூபாய். இரண்டும் நிலையான சொத்துகளை உருவாக்குவதற்கானவை. திறப்பு விழா முடிந்தபின் மாதாமாதம் வரும் மின்கட்டணத்தையும் உயிர்காப்பாளர் சம்பளத்தையும் அவற்றிலிருந்து கொடுக்க முடியாது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு பணம் கட்டினால் மீதியை அரசு தரும். அதுவும் கட்டுமானத்தோடு நின்றுவிடும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதில் விளையாட்டுப் பயிற்சியும் அடங்கும். ஆகவே ஓசூர்த் தொழிற்சாலைகளை அணுகும்போது கட்டடம் கேட்காதீர்கள், பயிற்சியாளர்களின் சில ஆண்டுச் சம்பளத்தைக் கேளுங்கள்.

நம் மாவட்டத்தில் பணத்தைவிடப் பெரிய கேள்வி தண்ணீர். 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி 1.35 மீட்டர் ஆழம் என்று வைத்தால் ஏறத்தாழ 4.2 லட்சம் லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 35 நடை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைத் தயவுசெய்து இதற்குக் கேட்காதீர்கள். புளோரைடு கலந்த நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காகக் கொண்டுவந்த தண்ணீர் அது. போர்வெல் நீரையே நம்புவதென்றால், இடத்தை முடிவு செய்யும் முன் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள். கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானாலும் சுமார் 1,900 லிட்டர் ஊற்ற வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்புகளும் புளோரைடும் உள்ளேயே தங்கி நாளுக்கு நாள் செறிவு கூடும். கடின நீரில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக்கொண்டே இருந்தால் அதிலுள்ள சுண்ணாம்பும் சேர்ந்து, நீர்மட்டக் கோட்டில் டைல்ஸ் மேல் வெள்ளைப் படிவு பிடிக்கும். விரலால் தேய்த்தால் சொரசொரவென்று இருக்கும், அதே படிவு மணல் வடிகட்டியையும் அடைக்கும். திரவக் குளோரின், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல், இங்கே பொருத்தமானது. பக்கத்தில் பள்ளிக் கட்டடம் இருந்தால் அதன் மொட்டைமாடி மழைநீரையும் வடிகட்டிக் குளத்துக்குத் திருப்பலாம்.

வடிகட்டி ஒழுங்காக ஓடினால் தண்ணீரை அடிக்கடி மாற்றத் தேவையில்லை. 5 குதிரைத்திறன் மோட்டார் நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் சுமார் 45 யூனிட் ஆகும். இந்த மின்செலவையும், குளோரின் செலவையும், குறைந்தது இரண்டு உயிர்காப்பாளர்களின் சம்பளத்தையும் ஒரே தாளில் எழுதி, கட்டணத்தில் எவ்வளவு ஈடாகும், பேரூராட்சி பொது நிதி எவ்வளவு தாங்கும் என்று மன்றத்தின் முன் வையுங்கள். 50 மீட்டர் ஒலிம்பிக் குளம் வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். 2 மீட்டர் ஆழத்தில் அது 25 லட்சம் லிட்டர் கேட்கும். நம் ஊருக்கு அது வேண்டாம்.

இத்தனை சிரமம் எதற்கு என்பவர்களுக்கும் பதில் வைத்திருங்கள். முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டி, இடுப்புக் கயிற்றை மாமா மேலிருந்து பிடித்துக்கொள்ள, பையன்கள் நீச்சல் பழகிய கிணறுகள் பல இன்று வற்றிக் கிடக்கின்றன. பெண் பிள்ளைகளுக்கோ அந்த வாய்ப்பு அப்போதும் அரிதாகவே இருந்தது. அதனால் உயிர்காப்பாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பதையும், பெண்களுக்கான தனி நேரத்தையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமில்லை என்பதையும் மன்றத் தீர்மானத்திலேயே எழுத வையுங்கள். வாய்மொழி உறுதியாக விட்டால், கட்டணம் உயரும்போது முதலில் வெட்டுப்படுவது இவைதான்.