அடையாள அட்டைப் பிரதி முதல் மரண அறிவித்தல் வரை: வாசகர் கேள்விகள்

சிம் வாங்கப் போனாலும் வங்கிக்குப் போனாலும் அடையாள அட்டைப் பிரதி கேட்கிறார்கள். கொடுத்தால் ஆபத்தா? (மானிப்பாய் வாசகி)

கொடுக்காமல் இந்த நாட்டில் வாழ முடியாது, அம்மா. ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். நம் இலங்கையின் 12 இலக்க அடையாள அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்களுக்கு அதனோடு 500 கூட்டியிருப்பார்கள். உதாரணமாக ஓர் இலக்கம் 1985712 என்று தொடங்கினால், 712இல் 500 போக 212. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்து எண்ணுவது இங்கே வழக்கம். எண்ணிப் பாருங்கள்: ஜூலை 30. ஆக, 1985 ஜூலை 30இல் பிறந்த ஒரு பெண். பழைய ஒன்பது இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டுக்கு மட்டும் இரண்டு இலக்கம்.

உங்கள் வங்கி அட்டையின் இரகசிய இலக்கம் பிறந்த ஆண்டா? அப்படியானால் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

பிரதி கொடுக்கும்போது நான் அதன் குறுக்கே "சிம் பதிவுக்கு மட்டும்" என்று பேனையால் எழுதித் திகதியும் போடுவேன். எழுத்து படத்தின் மேலேயே ஓட வேண்டும். ஓரத்தில் எழுதினால் அந்தத் துண்டை மறைத்துவிட்டு இன்னொரு பிரதி எடுப்பது பெரிய வேலையில்லை. ஒரு கடையில் இருந்த தம்பி, "பிரதியைப் பழுதாக்கிவிட்டீர்களே, ஐயா" என்று முகம் சுளித்தார். வேறு எவருக்கும் உதவாதபடி பழுதாக்குவதுதான் நோக்கம் என்றேன். பிரதியை வாங்கிக்கொண்டார்.

போட்டோகொப்பிக் கடையின் வாட்ஸ்அப் இலக்கத்துக்கு ஆவணங்களை அனுப்பி அச்செடுக்கிறேன். பரவாயில்லையா? (திருநெல்வேலி, மாணவர்)

சில மாதங்களுக்கு முன் யாழ். நகரில் ஒரு கடையில் விண்ணப்பம் ஒன்று அச்செடுக்க நின்றேன். கணினித் திரை என் பக்கம் திரும்பியிருந்தது. யாரோ ஒருவரின் கடவுச்சீட்டு, ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், அதற்குக் கீழே ஒரு பெண்ணின் இரத்தப் பரிசோதனை அறிக்கை. வரிசையில் நின்ற நாங்கள் ஐந்து பேரும் வாசிக்கலாம். கடைக்காரர் கெட்டவர் அல்லர், அழிக்க நேரமில்லாதவர்.

அனுப்பியதை "அனைவருக்கும் அழி" என்று கொடுத்தால் போதும் என்று நினைக்கிறீர்கள். கணினியில் ஏற்கெனவே இறங்கிய கோப்பு அதனால் அழியாது. காசு கொடுக்கும் முன், பதிவிறக்கக் கோப்புறையிலிருந்தும் பிறகு கணினியின் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொல்லி நின்று பாருங்கள். கோணலாக அச்சான தாளையும் கேட்டு வாங்குங்கள். நாளை அதன் பின்பக்கத்தில் யாருக்கோ கணக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

கனடாவில் இருக்கும் மைத்துனரின் வாட்ஸ்அப்பிலிருந்து "தவறுதலாக உங்களுக்கு ஓர் ஆறு இலக்கம் வந்திருக்கும், அனுப்புங்கள்" என்று செய்தி. அனுப்பிவிட்டேன். இப்போது என் வாட்ஸ்அப் திறக்கவில்லை. (சாவகச்சேரி)

அது மைத்துனர் அல்ல. அவருடைய கணக்கைப் பறித்தவன், நீங்கள் அனுப்பிய ஆறு இலக்கத்தை, அதாவது உங்கள் வாட்ஸ்அப்புக்குள் நுழையும் குறியீட்டை, வைத்து உங்களுடையதையும் பறித்துவிட்டான். உங்கள் இலக்கத்தைக் கொடுத்து வாட்ஸ்அப்பில் மீண்டும் நுழையுங்கள். புதிய ஆறு இலக்கம் உங்கள் சிம்முக்குத்தான் வரும். அதைப் பதிந்ததும் அவன் வெளியேற்றப்படுவான். அவன் இடையில் இருபடிச் சரிபார்ப்புக்கு ஓர் இரகசிய இலக்கம் போட்டிருந்தால், அது தெரியாமல் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் உறவினர்களுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அவன் அடுத்து காசு கேட்கப்போவது அவர்களிடம்தான். கணக்கு திரும்பியதும் இருபடிச் சரிபார்ப்பை நீங்களே போட்டுவிடுங்கள். முறையிட இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவின் 101ஐ அழைக்கலாம்.

கைத்தொலைபேசியைத் திருத்தக் கொடுக்கும்போது என்ன செய்வது? (சுன்னாகம்)

சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். சில புதிய சாம்சங் தொலைபேசிகளில் பராமரிப்பு நிலை என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் திருத்துபவருக்கு உங்கள் படங்கள் தெரியாது. திரை மாற்றக் கடவுச்சொல் தேவையில்லை. கேட்டால், நீங்கள் நிற்கும்போதே திறந்து சோதித்துக் காட்டுங்கள்.

மரண அறிவித்தலில் இத்தனை விபரம் போடலாமா? (கோண்டாவில்)

நல்ல கேள்வி, கொஞ்சம் சங்கடமான கேள்வியும்கூட. வெளிநாட்டு இணையத்தளங்கள் சில, மறந்த கடவுச்சொல்லை மீட்கத் தாயாரின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரைக் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தாயாரின் தகப்பனார் பெயரைத்தான் பதிந்து வைத்திருப்போம். தாயார் காலமானதும் "காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகளும்" என்று அதையே அச்சிட்டு ஊருக்கும் உலகுக்கும் அறிவிக்கிறோம். பிறந்த ஊர், உடன்பிறந்தோர், பிள்ளைகளின் பெயர், அவர்கள் இருக்கும் நாடு, தொலைபேசி இலக்கம் எல்லாம் ஒரே சதுரத்துக்குள். இறுதிக் கிரியை நேரமும் இருக்கிறது. வீடு எப்போது வெறுமையாகும் என்பதும் அதனால் தெரியும்.

உறவுமுறையை வெட்டச் சொல்ல மாட்டேன். அதை வாசித்துத்தானே நாமே "ஓ, அவருடைய பெறாமகனா" என்று கண்டுபிடிக்கிறோம். தொலைபேசி இலக்கம் ஒன்று போதும். கிரியை முடிந்து எல்லோரும் திரும்பும்வரை அயலவர் ஒருவர் வீட்டில் இருக்கட்டும். இணையத்தளம் கேட்கும் அந்தக் கேள்விக்கு உண்மையைப் பதியாதீர்கள். என் தாயாரின் குடும்பப் பெயர், ஓர் இணையத்தளத்தைப் பொறுத்தவரை, நம் ஊர் மாம்பழமான கறுத்தக்கொழும்பான்.