சூப்பர் மரியோவில் சுத்தியல் எறியும் ஆமைகளைத் தாண்டுவது எப்படி? எல்லாப் பாகத்திலும் ஏன் இவர்களே வருகிறார்கள்?

செல்போனில் எமுலேட்டர் (பழைய விளையாட்டுகளை ஓட்டும் செயலி) போட்டு ஆடிக்கொண்டிருப்பீர்கள், 3-1-இல், அதாவது மூன்றாம் உலகத்தின் முதல் கட்டத்தில், மாட்டியிருப்பீர்கள். சரிதானே? வானம் கறுப்பாக இருக்கும், மேலே ஒரு வரிசை கீழே ஒரு வரிசை செங்கல், அதில் ஆளுக்கொன்றாக இரண்டு ஆமைகள் எழுந்து நின்று சுத்தியலை வீசிக்கொண்டிருக்கும். ஹேமர் பிரதர்ஸ். 1985-இல் வந்த முதல் சூப்பர் மரியோ பிரதர்ஸில் இவர்கள் தலைகாட்டுகிற முதல் இடம் அது.

வழி இருக்கிறது. கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. இவர்களை ‘தேவையில்லாத தொல்லை’ என்று உங்கள் கேள்வியின் விளக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை என்னால் சும்மா விட முடியாது. இந்தத் தொடரிலேயே எனக்கு நல்லது செய்த எதிரி என்றால் இவர்கள்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது, 2004-இல்தான் பிரிந்தது. கோடை விடுமுறை முழுக்க நான் பழையபேட்டையில் மாமா வீட்டில் இருப்பேன். மாமா பெங்களூரு நேஷனல் மார்க்கெட்டிலிருந்து ஒரு டிவி கேம் பெட்டி வாங்கி வந்திருந்தார். அசல் இல்லை, அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பக்கம் அசலை யார் பார்த்தது? கேசட்டின் மேல் 9999 விளையாட்டு என்று போட்டிருக்கும். உள்ளே கொஞ்சம் விளையாட்டுதான், அதையே பெயரை மாற்றி மாற்றித் திரும்பப் போட்டிருப்பான். மரியோ மட்டும் ஒழுங்காக வரும். வரவில்லை என்றால் கேசட்டைப் பிடுங்கி, அடியில் ஊதி, மறுபடி சொருக வேண்டும்.

மாமாவுக்கு இரண்டு பையன்கள். முதல் ஜாய்ஸ்டிக் எப்போதும் மூத்தவன் கையில். இளையவன் கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய் கோலி விளையாட ஓடிவிடுவான். அப்போது இரண்டாவது ஜாய்ஸ்டிக் எனக்கு. அதில் ஸ்டார்ட் பட்டனே கிடையாது, அதாவது ஆட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் எனக்கு உரிமை இல்லை. அது போதாதென்று மரியோவில் இரண்டு பேர் ஆடினால் ஒரே நேரத்தில் ஆட முடியாது. மரியோ செத்தால்தான் இரண்டாவது ஆளான லூயிஜிக்கு முறை வரும். லூயிஜி நான். அவன் சாகிறவரைக்கும் நான் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இடையில் அத்தை வேறு அடுப்படியிலிருந்து, “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி அது, வந்து ஊறுகாய்க்கு மாங்கா நறுக்கு” என்பார். அவள் பெற்ற இரண்டு தடியன்களையும் ஒரு நாளும் நறுக்கக் கூப்பிட்டதில்லை. இதைச் சொன்னால் பழையதைக் கிளறுகிறேன் என்பார்கள். கிளறத்தான் செய்வேன்.

மூத்தவன் எப்போதும் 1-2-இல் உள்ள குழாய் வழியாக நேரே மூன்றாம் உலகத்துக்குப் போவான். காரணம், 3-1-இன் கடைசியில் படிக்கட்டில் ஆமைகள் இறங்கி வரும். இரண்டாவது ஆமையைப் படியோரத்தில் சரியாக மிதித்தால் ஓடு படியில் முட்டி முட்டித் திரும்பும், மரியோ அதன் மேலேயே குதித்துக்கொண்டிருப்பான், லைஃப் ஏறிக்கொண்டே போகும். நூறு லைஃப் வந்துவிட்டால் என் முறை அன்றைக்கு வராது. நான் போய் மாங்காய் நறுக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் படிக்கட்டுக்குக் கொஞ்சம் முன்னால் காவல் போட்ட மாதிரி நிற்கிறவர்கள் யார்? இந்த இரண்டு பேர். என் மத்தியானம் அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் வீசுகிற ஒவ்வொரு சுத்தியலும் அவன் தலையில் விழ வேண்டும் என்று மாரியம்மனை வேண்டியிருக்கிறேன். பெரும்பாலும் விழும்.

உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லாததால், ஆடியவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தது. மற்ற எதிரிகள் ஒரு தடத்தில் போகிறவர்கள். காளான் நேராக நடந்து வந்து சாகும். பச்சை ஆமை பள்ளத்தைப் பார்க்காமல் விழும். குழாய்ச் செடி ஏறும், இறங்கும், நீங்கள் குழாயை ஒட்டி நின்றால் வெளியே வராது. இதையெல்லாம் மனப்பாடம் செய்துவிடலாம். இவர்களை முடியாது. எப்போது மேல் வரிசைக்குத் தாவுவார்கள், எப்போது கீழே இறங்குவார்கள் என்பதை விளையாட்டு உள்ளுக்குள் ஒரு தற்செயல் எண்ணை வைத்து முடிவு செய்கிறது. நேற்று நடந்தது இன்று நடக்காது. மொத்த விளையாட்டும் 40 கிலோபைட், இப்போது வாட்ஸ்அப்பில் தினம் வரும் காலை வணக்கப் படத்தைவிடச் சின்னது. அதற்குள் இப்படி இரண்டு பேரை வைத்திருக்கிறார்கள். விளையாட்டை வடிவமைத்த மியாமோட்டோவும் தெசுகாவும் இதை வேண்டுமென்றுதான் செய்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, வழி. தூரத்தில் நிற்பதுதான் ஆபத்து. சுத்தியல் மேலே எழும்பி வளைந்து விழுகிறது, செங்கல்லையும் ஊடுருவி வரும், அதனால் கல்லுக்கு அடியில் நின்றால் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். கிட்டே போகப் போகப் பாதி சுத்தியல் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். இரண்டு பேரும் செங்கல் மேல் இருக்கிற நேரத்தில் தரையோடு ஓடிவிடலாம். இல்லையென்றால் கீழ் வரிசையில் ஒருத்தன் நிற்கும்போது அவன் காலுக்கு நேர் கீழே போய்க் கல்லை முட்டுங்கள், ஆள் காலி, ஆயிரம் புள்ளி. ரொம்ப நேரம் பயந்து நின்றீர்களானால் அவர்களே இறங்கி உங்களை நோக்கி நடந்து வருவார்கள். அப்புறம் அழுது பயனில்லை.

“நெருப்பு எறியவைக்கிற நெருப்புப் பூ இருந்தால் ஒரே உருண்டையில் முடிந்ததே, இதற்கு இவ்வளவு கதையா” என்று கமெண்டில் யாராவது வருவார்கள். வாருங்கள். நெருப்போடு அங்கே போய்ச் சேர்கிறவர்கள் எத்தனை பேர்? சின்ன மரியோவாக நின்று தாண்டிக் காட்டிவிட்டுப் பேசுங்கள். இன்னொரு கூட்டம், அதிகம் பேரைக் கொன்றது 1-1-இன் முதல் காளான்தான் என்று சண்டைக்கு வரும். இருக்கலாம். ஆனால் அது விளையாடத் தெரியாதவர்களைக் கொன்ற கணக்கு.

ஒரு நாள் மூத்தவனும் நெருப்போடு தாண்டிவிட்டான். படிக்கட்டில் குதிக்க ஆரம்பித்தான். லைஃப் பத்தைத் தொட்டால் எண்ணுக்குப் பக்கத்தில் கிரீடம் வரும், இன்னும் ஏறினால் என்னவென்றே தெரியாத துண்டுப் படங்களெல்லாம் வரும். அவனுக்கு ஆசை அடங்கவில்லை, குதித்துக்கொண்டே இருந்தான். நான் எழுந்து போகவில்லை, ஏன் என்று தெரியவில்லை. பிறகு நேரம் தீர்ந்து செத்தான். திரையில் மரியோவுக்கு கேம் ஓவர் என்று வந்தது. இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. பெட்டியை ஒரு தட்டு தட்டினான். விஷயம் என்னவென்றால், லைஃப் கணக்கு 127-ஐத் தாண்டினால் அது கழித்தல் எண்ணாகிவிடும், அடுத்து செத்தால் ஆட்டமே முடிந்தது. இதை நான் கல்லூரிக்குப் போனபிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், மரியோ போனாலும் லூயிஜி இருக்கிறான், இனி முறை மாறாது என்பதுதான். அவன் ரீசெட்டை அழுத்தக் கையை நீட்டினான். ஆயா கட்டிலிலிருந்தே, “டேய், கைய எட்றா. அந்தப் புள்ள ஆடட்டும்” என்றாள்.

சின்ன லூயிஜியாகத்தான் 3-1-க்குப் போனேன். பார்த்துப் பார்த்து வைத்திருந்தது கையில் வந்தது. இரண்டு பேரும் மேலே ஏறினார்கள், நான் அடியில் ஓடினேன். படிக்கட்டு ஆமையைத் தொடவே இல்லை. 4-2-இல் செடிக்கொடி ஏறி எட்டாம் உலகம் போய், 8-3 வரைக்கும் போனேன். அங்கே கோட்டைச் சுவர் பின்னால் தெரிய, இவர்களே ஜோடி ஜோடியாக நிற்பார்கள். இரண்டாவது ஜோடியிடம் போனது உயிர். அவன் இன்றைக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘அந்தக் காலத்து மரியோ சாம்பியன்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறான். அதற்கு ஹார்ட் போடுகிற சித்திகளும் இருக்கிறார்கள்.

மாங்காய் என்றதும் ஞாபகம் வருகிறது. அப்பாவுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் தோட்டம், முக்கால்வாசி பெங்களூரா ரகம், எல்லாம் கூழ் ஆலைக்குத்தான் போகும். பறித்து, லாரியில் ஏற்றி, ஆலை வாசலில் வரிசையில் நின்ற பிறகுதான் அன்றைய விலையைச் சொல்வார்கள். காத்திருக்கக் காத்திருக்கப் பழம் பழுத்து எடை குறையும், விலையும் குறையும். பறிகூலியும் லாரி வாடகையும் கைக்காசு. ஒரு வருஷம் அப்பா லோடைத் திருப்பி ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தார். ஊரெல்லாம் மாங்கனிக் கண்காட்சி என்று படம் போடுகிறார்கள், இதை யாரும் எழுத மாட்டேன் என்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எழுத இடம் கிடைத்தது, எழுதிவிட்டேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி. எல்லாப் பாகத்திலும் அவர்கள் வரவில்லை. 1996-இன் மரியோ 64-இல் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள். 1990-இன் சூப்பர் மரியோ வேர்ல்டில் சிறகு முளைத்த மேடையில் பறக்கிற ஒருத்தன் மட்டும்தான். அவர்களுக்குப் பொற்காலம் என்றால் 1988-இல் வந்த மூன்றாம் பாகம். வரைபடத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள், முட்டினால் சண்டை, ஜெயித்தால் பரிசு. பூமராங் எறிகிறவன், நெருப்பு துப்புகிறவன், குதித்தால் தரை அதிர்ந்து நம்மை உறையவைக்கிற தடியன் என்று சொந்தக்காரர்களும் அதில்தான் வந்து சேர்ந்தார்கள். சுத்தியல் உடையைப் போட்டுக்கொண்டு நாமே எறியலாம் என்பது இன்னும் விசேஷம். அப்புறம் 2009-இல் நிண்டெண்டோவின் வீ பெட்டிக்கு வந்த மரியோ விளையாட்டில் பனிக்கட்டி எறிகிற ஒருவன். எதிரியின் கையில் இருக்கிற பொருளை மாற்றினால் புது எதிரி தயார், வரைகிறவர்களுக்கும் வேலை மிச்சம். திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவே போதுமான காரணம் என்று தோன்றுகிறது.

3-1-ஐத் தாண்டிவிட்டீர்களானால் 8-3-இல் மட்டும் நின்று யோசிக்காதீர்கள், பின்னால் போகவும் முடியாது, நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். 8-4-இல் கடைசி வில்லன் பௌசருக்கு முன்னால் ஒருத்தன் தனியாக நிற்பான், அவனுக்கு ஏறித் தாவச் செங்கல் இல்லை, அதனால் குதிக்கும்போது அடியில் புகுந்துவிடலாம். இதையெல்லாம் தொடுதிரையில் செய்ய முடியுமா என்று கேட்காதீர்கள். ஒரு ப்ளூடூத் ஜாய்ஸ்டிக் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் தங்கை இருந்தால் முதல் ஜாய்ஸ்டிக்கை அவளிடம் கொடுங்கள்.