எழுபதிலும் மேடை ஏறுவது பணத்துக்காக மட்டும்தானா?

கேள்வி இதுதான்: "அயர்ன் மெய்டன் மாதிரி ராக் குழுக்கள் எழுபது வயதிலும் ஊர் ஊராகச் சுற்றுவது பணத்தாசையால்தானே? கௌரவமாக ஒதுங்கினால் என்ன?"

கேட்டவருக்கு இருபத்தைந்து, முப்பது வயது இருக்கும் என்று நினைக்கிறேன். மாதச் சம்பள வேலையாக இருக்கலாம். நான் சேலம் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் 27 வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறவன். அதனால் அந்த "ஒதுங்கினால் என்ன" கொஞ்சம் சுட்டது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பணமே இல்லை என்று சொல்ல வரவில்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள். பாட்டெல்லாம் இணையத்தில் கிடைக்க ஆரம்பித்த பிறகு ஆல்பம் விற்று வருகிற காசு சுருங்கிவிட்டது, இப்போது அவர்களுக்குப் பெரிய வருமானம் என்றால் கச்சேரி டிக்கெட்டும் அங்கே விற்கிற டிஷர்ட்டும்தான். ஆனால் இந்தக் குழுவை 1975-ல் கிழக்கு லண்டனில் ஆரம்பித்த ஸ்டீவ் ஹாரிஸ் இன்னும் அதே பேஸ் கிட்டாரோடு முன்னால் நிற்கிறார். பாடகர் புரூஸ் டிக்கின்சனுக்கு நாக்கில் புற்றுநோய் வந்து, 2015-ல் சிகிச்சை முடிந்து, அடுத்த வருடமே மறுபடி பாடக் கிளம்பினார். காசு மட்டும்தான் குறி என்றால் அந்த வயதில் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட அவர்களிடம் இல்லாததா?

எனக்கு முக்கியம் அவர்களுடைய டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன்.

2007 மார்ச் 17, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ். முந்தைய நாள் இரவு தர்மபுரி பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன் வாசித்துவிட்டு, தூங்காமல் அப்படியே பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரி தாண்டியதும் பஸ்ஸில் எல்லாம் கறுப்பு டிஷர்ட் பையன்கள், நான் மட்டும் எங்கள் மெல்லிசைக் குழுவின் பெயர் போட்ட மெரூன் சட்டையில். மைதானத்தில் எப்படியோ இடித்துப் பிடித்து முன்னால் போய்விட்டேன். நிக்கோவின் முகமே தெரியவில்லை. அவ்வளவு உயரமான செட், அத்தனை சிம்பல், நடுவில் ஒரு கை மேலே வரும், இறங்கும், அவ்வளவுதான். நான் காதைத்தான் நம்பினேன். அந்த வேகத்துக்கு மற்ற டிரம்மர்கள் கீழே இருக்கிற பெரிய டிரம்முக்கு இரண்டு பெடல் வைத்து இரண்டு காலாலும் மிதிப்பார்கள். இவர் ஒரே பெடல், வலது கால் மட்டும். அப்போது அவருக்கு 54 வயது. எனக்கு முப்பதுகூட ஆகவில்லை, ரிசப்ஷனில் மூன்று குத்துப்பாட்டு வரிசையாக வந்தால் எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். ஊருக்குத் திரும்பும்போது பஸ் சீட்டின் இரும்புக் கம்பியில் வலது காலைத் தட்டிக்கொண்டே வந்தேன், முன்சீட்டுப் பெரியவர் திரும்பித் திட்டும் வரைக்கும்.

இளையராஜா இருக்கும்போது வெள்ளைக்காரன் புராணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ராஜா சார் பாட்டை வாசித்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. எண்பதைத் தாண்டி 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனி அரங்கேற்றினாரே, ஹாமர்ஸ்மித்தில் இருக்கிற அந்த அரங்கில் 1982-லேயே அயர்ன் மெய்டன் வாசித்திருக்கிறார்கள். அவரையும் யாராவது ஒதுங்கச் சொல்வீர்களா?

2019-ல் கச்சேரி முடிந்து விடியற்காலை பைக்கில் வரும்போது மணலில் சறுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது, உள்ளே பிளேட் வைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று குச்சியைப் பிடித்தால் விரல் மூடுகிறது, பிடி நிற்கவில்லை, குச்சி நழுவித் தலையணை மேல் விழுந்தது. தினமும் அந்தத் தலையணையில்தான் பழகினேன், சத்தம் வராது, குழந்தைகள் தூங்கலாம். நான்கு மாதம் கழித்துப் போனால் என் இடத்தில் வேறு பையன் உட்கார்ந்திருந்தான். "அண்ணே, நீங்க ஓரமா நின்னு ஆக்டோபேட் மட்டும் தட்டுங்க" என்று குழு நடத்துகிறவர் சொன்னார். ஆக்டோபேட் என்றால் குச்சியால் தட்டுகிற எலெக்ட்ரானிக் பெட்டி. பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, நன்றாகத்தான் வாசித்தான். ஆனால் போகச் சொல்வதை முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

இதைப் பேசும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தில் வாசிக்கிறவர்களை ஏன் கடைசிப் பந்திக்குத்தான் கூப்பிடுகிறீர்கள்? ஆறு மணியிலிருந்து பத்தரை வரை வாசித்துவிட்டுப் போனால் ஆறின சாதமும் ரசமும்தான் இருக்கும். பாடகிகள், வயதான தபேலாக்காரர் எல்லோரும் வாழை இலை கிடைக்காமல் பேப்பர் பிளேட்டோடு நின்று சாப்பிட்டிருக்கிறோம். பேசின பணத்தில் குறைத்துத் தருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சரி, நிக்கோ விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம். தோளிலிருந்து கீழே வலது பக்கம் செயலிழந்துவிட்டது. நான் பெங்களூரில் கேட்ட அதே வலது பக்கம். பயிற்சி எடுத்து, மே மாதக் கடைசியில் ஸ்லோவேனியாவில் லூப்லியானா மேடையில் உட்கார்ந்துவிட்டார். சில வேகமான இடங்கள் பழையபடி வரவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார், வாசிப்பை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார். அப்படியே 2024 டிசம்பர் 7 வரை வாசித்தார். அன்று பிரேசிலில் சாவோ பாவ்லோ கச்சேரி, சுற்றுப்பயணத்தில் இதுதான் கடைசி என்று அறிவித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார், 72 வயதில். அவர் இடத்துக்கு சைமன் டாசன் வந்தார், ஸ்டீவ் ஹாரிஸின் இன்னொரு குழுவில் வாசித்தவர். நீங்கள் கேட்கிற ஒதுங்கல் அங்கேயும் நடந்திருக்கிறது, ஆனால் நாளைக் குறித்தவர் நிக்கோதான். அந்தச் செய்தியைப் படித்த அன்று என் மனைவி "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிப்போய்க் கேட்டாள், என் முகம் அப்படி இருந்ததாம்.

நான் என்னை ஓரமாக நிற்கச் சொன்ன குழுவிலிருந்து விலகி இப்போது வேறொன்றில் இருக்கிறேன். மணிக்கட்டு குளிர் நாளில் வலிக்கும், அதனால் மேடை ஏறும் முன் வெந்நீர் பிளாஸ்க்கில் துண்டை நனைத்துச் சுற்றிக்கொள்வேன். வைகாசியில் ஓமலூர் பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகைக் கச்சேரி இருக்கிறது, இரவு ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை. அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. டிரம்ஸ் நான்தான்.