விசைப்படகு இன்ஜினுக்கு லாரிக் கடையில் கிடைக்கும் ஆயில் ஃபில்டரைப் போடலாமா?

கம்பெனி ஃபில்டர் விலை அதிகம், லாரி ஸ்பேர்ஸ் கடையில் அதே உயரத்தில், அதே பருமனில் பாதி விலைக்குக் கிடைக்கிறது, போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையதும் என்னுடையதைப் போல லாரி இன்ஜினைக் கடலுக்கு மாற்றிய ஆறு சிலிண்டர் இன்ஜின்தான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். போடலாம். ஆனால் உயரத்தையும் பருமனையும் மட்டும் பார்த்துப் போட்டால் நான் பட்ட பாட்டை நீங்களும் படுவீர்கள்.

எனக்கு நாகப்பட்டினம் பக்கம். எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இன்ஜின் வேலை, மரவேலை, பெயின்ட் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான். ஒரு வருஷம் கடைசி நாளில்தான் ஆயில் மாற்றினோம். வழக்கமான ஃபில்டர் எந்தக் கடையிலும் இல்லை. மெக்கானிக்கோடு இருந்த பையன் பஸ் ஏறிப் போய் ஒரு லாரிக் கடையில் வாங்கி வந்தான். பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். உயரம் சரி, ரப்பர் வாஷர் சரி, நிறம்கூட அதே நிறம். மாட்டும்போது ஸ்டட்டில், அதாவது ஃபில்டரைச் சுற்றி ஏற்றும் மரை போட்ட கம்பியில், கொஞ்சம் ஆடியது. ‘புது மரை அப்படித்தான் இருக்கும், வாஷர் உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளும்’ என்றார் மெக்கானிக். பிடித்துக்கொள்ளத்தான் செய்தது. ஜெட்டியில் இரண்டு மணி நேரம் ஓட விட்டோம், ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அந்த முதல் தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் பயணத்துக்கு, நானும் போயிருந்தேன். இரவு இரண்டு மணி இருக்கும், மடி வலை இழுத்துக்கொண்டிருந்தோம். டிரைவர் கத்தினார்: “தம்பி, பிரஷர் முள் இறங்குது!” நான் இன்ஜின் ரூம் மூடியைத் தூக்குவதற்குள் கருகின எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. எக்ஸாஸ்ட் பைப் முழுக்கப் புகை. கீழே தேங்கிய தண்ணீர்மேல் கறுப்பாக எண்ணெய் மிதக்கிறது. ஃபில்டர் ஒரு பக்கம் சாய்ந்து, வாஷர் நாக்குத் தள்ளியதுபோல வெளியே பிதுங்கி நிற்கிறது. டிரைவர் உடனே இன்ஜினை நிறுத்தினார். இன்னும் ஒரு நிமிஷம் ஓடியிருந்தால் கிராங்க் பேரிங் போயிருக்கும். எண்ணெய் தீப்பிடிக்காததும் எங்கள் அதிர்ஷ்டம். அப்புறம் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எங்களைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போக, விடியும்வரை டார்ச் அடித்தோம், கடைசியில் இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது.

கரைக்கு வந்து வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. என் இன்ஜின் ஸ்டட் முக்கால் இன்ச், அதாவது 19.05 மில்லி, இன்ச்சுக்கு 16 மரை. வாங்கி வந்த ஃபில்டர் 20 மில்லி ஸ்டட்டுக்கு உள்ளது, 1.5 மில்லி மரை. முக்கால் இன்ச்சில் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.59 மில்லி. இரண்டும் இவ்வளவு கிட்டத்தில் இருப்பதால் பெரிய ஃபில்டர் சின்ன ஸ்டட்டில் ஏறிவிடும். முழுதாகக் கவ்வாது, மரையின் நுனியில் தொற்றிக்கொண்டு நிற்கும். ஜெட்டியில் சும்மா ஓடும்போது தாங்கியது, இழுவையில் பிரஷர் ஏறியதும் கழன்றது. எனவே ஃபில்டரைக் கையால் சுற்றும்போது துளி ஆட்டம் இருந்தாலும் கழற்றி விடுங்கள்.

‘இருபது வருஷமாக லாரி ஃபில்டர்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று யாராவது வருவார்கள். ஆகாமல் இருக்கலாம் அண்ணே. லாரி ஃபில்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை, இன்றைக்கும் என் படகில் இருப்பது வேறு கம்பெனி ஃபில்டர்தான். இன்ஜின் புத்தகத்தில் உள்ள ஃபில்டர் எண்ணைக் காட்டி, அதற்கு ஈடான எண் எது என்று அந்தக் கம்பெனியின் பட்டியலிலேயே பார்த்து வாங்குகிறேன். கடைக்காரர் கண்ணால் பார்த்துச் சொல்லும் ஈடு எனக்கு வேண்டாம்.

ஃபில்டரில் போய் ஏன் மிச்சம் பிடிக்கிறாய் என்று கேட்பீர்கள். முன்பணம் கொடுத்த வியாபாரி வைப்பதுதான் எங்கள் இறாலுக்கு விலை. அதிலும் பெட்டிக்கு இரண்டு கிலோ ‘தண்ணிக் கழிவு’ என்று எடுப்பார். ஐஸ் வாங்கிப் போட்டதும் நான், ஐஸ் உருகிய தண்ணிக்குக் கழிவு கொடுப்பதும் நான். அந்தக் கணக்கு முடிந்து கையில் நிற்பதில்தான் ஃபில்டர் வாங்க வேண்டும். சரி, அதை விடுங்கள், பேசினால் விடிந்துவிடும்.

மரைக்கு அடுத்தது பைபாஸ் வால்வு. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, விடிகாலையில் எண்ணெய் கெட்டியாக இருந்தாலோ, வடிகட்டாத எண்ணெயாவது பேரிங்குக்குப் போகட்டும் என்று திறந்துவிடும் ஸ்பிரிங் அது. சில இன்ஜினில் அது ஃபில்டர் மாட்டும் தலையிலேயே இருக்கும், சிலவற்றில் ஃபில்டருக்குள் இருக்கும். தலையில் இல்லாத இன்ஜினுக்கு, உள்ளேயும் இல்லாத ஃபில்டரைப் போட்டால், அடைக்கும் நாளில் பேப்பர் கிழியும், அல்லது எண்ணெய் நின்றுபோகும். வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது. எண் பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

உங்கள் ஃபில்டர் படுக்கை வாட்டத்தில் மாட்டியிருந்தால் ஓரத் துளைகள் வழியாக உள்ளே பாருங்கள், ரப்பர் வால்வு ஒன்று தெரிய வேண்டும். இன்ஜின் நிற்கும்போது எண்ணெய் அடியிலுள்ள சம்ப் தொட்டிக்கு இறங்கிவிடாமல் அதுதான் தடுக்கும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் பிரஷர் முள் ஏறச் சில விநாடி ஆகும், அதுவரை பேரிங் காய்ந்து ஓடும். மைக்ரான் (மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்குக்கு நான் பெரிதாக மயங்குவதில்லை. அட்டையில் 10 மைக்ரான் என்று இருக்கும், அந்த அளவுத் தூசியில் எத்தனை சதவீதம் பிடிக்கும் என்று இருக்காது.

லாரிக்கும் படகுக்கும் உழைப்பும் வேறு. லாரி இறக்கத்தில் கொஞ்சம் இளைப்பாறும். மடி இழுக்கும் இன்ஜின் ஒரே பாரத்தில் நாள் முழுக்க ஓடும். ஐந்து நாள் தங்கல் போனாலே நூறு மணி நேரம் தாண்டிவிடும். என் இன்ஜின் புத்தகத்தில் 250 மணி போட்டிருக்கிறது, நான் இரண்டு தங்கலுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். உப்புக் காற்றில் டப்பாவும் துருப்பிடிக்கும், பெயின்ட் மெல்லியதாக இருந்தால் சீக்கிரமே பொட்டுப் பொட்டாகத் தெரியும்.

கழற்றிய ஃபில்டரில் பழைய வாஷர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டிருந்து, அதன்மேல் புது வாஷர் உட்கார்ந்தால் அதுவும் பிதுங்கும். பழைய டப்பாவை அறுத்தும் பாருங்கள், ஹாக்ஸா ரம்பம் வேண்டாம், அதன் இரும்புத் தூளே உள்ளே விழுந்து குழப்பும். மடிப்பில் மினுக்கும் தூளைக் காந்தத்தில் தொட்டால் இரும்பு மட்டும் ஒட்டும். ஒட்டாத மினுக்கு இருந்தால் பேரிங்காக இருக்கலாம், அடுத்த தங்கலுக்கு முன் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேள்வியில் இன்ஜின் மாடலும் ஸ்டட் அளவும் இல்லை. வெர்னியர் வைத்து அளந்து, எத்தனை மில்லி என்று எழுதுங்கள். நாளைக் காலை கடலுக்குப் போகிறேன், வெள்ளிக்கிழமை கரைக்கு வந்து பார்த்துச் சொல்கிறேன்.