வெந்நீரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஆறு வருஷமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு செக்யூரிட்டி வேலை. 2022-23இல் எங்கள் வீட்டுச் சராசரி மாதம் 120 யூனிட். அதனால் கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதி வந்ததிலிருந்து கரண்ட் பில் பூஜ்யம்தான். போன வருஷம் அப்பா தவறிய பிறகு 68 வயது அம்மாவைத் திருப்பத்தூரிலிருந்து அழைத்து வந்தோம். அதிலிருந்து பில் ஏறிவிட்டது. நான்கு மாதமாக 200 யூனிட்டைத் தாண்டி முழுப் பணமும் கட்டுகிறோம். அம்மாவுக்கு தினமும் ஹீட்டர் போட்டு வெந்நீர் வேண்டும். எடுத்துச் சொன்ன பிறகு இப்போது மூன்று நாளைக்கு ஒரு முறைதான் குளிக்கிறார். அப்படியும் போன மாதம் 212 யூனிட். அம்மா வந்த பிறகு ஒரு எச்.பி. கிரைண்டரும் பழைய ஃப்ரிட்ஜும் வாங்கி, தினம் 15 கிலோ இட்லி மாவு விற்கிறோம். பக்குவம் எல்லாம் அம்மாதான். அந்த வருமானமும் பில்லுக்கே போகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு வேறு அரசு உதவி உண்டா?

பதில்: தம்பி, உதவியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். உங்கள் அம்மா மூன்று நாளைக்கு ஒரு முறைதான் குளிக்கிறார் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. விடியற்காலையில் எழுந்து, முழங்கை வரை கையை மாவில் விட்டு வழித்து எடுக்கிற மனுஷி. உடம்பெல்லாம் புளிப்பு வாடையோடு மூன்று நாள் இருக்க வேண்டுமா? "வெந்நீர் செலவாகிறது" என்று மகன் சொன்னதும் அவர் மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டிருப்பார். கணவரை இழந்து, மகன் வீட்டில் ஒரு மூலையில் இருக்கிறோம் என்று நினைக்கிற எந்தத் தாயும் அப்படித்தான் ஒப்புக்கொள்வாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது உங்கள் தப்பு.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு பக்கெட் தண்ணீரை ஹீட்டர் ராடு போட்டுக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய அரை யூனிட் ஆகும். தினமும் குளித்தாலும் மாதம் 15 யூனிட். அதை மூன்று நாளைக்கு ஒரு முறை என்று குறைத்ததில் உங்களுக்கு மிச்சமானது 10 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்தால் 60 ரூபாய். அறுபது ரூபாய்க்காகவா தம்பி?

கிரைண்டரைப் பாருங்கள். ஒரு எச்.பி. மோட்டார் மணிக்கு முக்கால் யூனிட் எடுக்கும். 15 கிலோ மாவுக்கு அரிசியும் உளுந்துமாக மூன்று மணி நேரம் ஓடினால், மாதம் 67 யூனிட். பழைய ஃப்ரிட்ஜ் நாளுக்கு ஒன்றரை யூனிட் என்றாலும் மாதம் 45. இரண்டும் சேர்ந்து 112. உங்கள் 212இல் பாதிக்கு மேல் மாவு வியாபாரம்தான். அம்மாவும் வியாபாரமும் ஒரே சமயத்தில் வீட்டுக்குள் வந்ததால் பழியை அம்மா தலையில் போட்டுவிட்டீர்கள். ஹீட்டர் போட்டதும் மீட்டரில் சிவப்பு விளக்கு படபடவென்று மினுக்கும், அதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். அது இருபது நிமிடத்தில் அடங்கிவிடும். கிரைண்டருக்கு அதே விளக்கு நிதானமாக மினுக்கும், ஆனால் மூன்று மணி நேரம் விடாமல்.

இனி நீங்கள் கேட்ட உதவி. அது ஏற்கனவே உங்கள் கையில் இருந்ததுதான். கிருஹ ஜோதியில் 2022-23 சராசரியோடு 10 சதவீதம் சேர்த்து வருவதுதான் உங்கள் இலவச அளவு. 120 என்றால் 132 யூனிட். அதைத் தாண்டி 200க்குள் இருந்தால் தாண்டியதற்கு மட்டும் பணம். 200ஐத் தாண்டினால் முழு பில்லையும் கட்ட வேண்டும், அந்த மாதம் சலுகையே கிடையாது. கிரைண்டரையும் ஃப்ரிட்ஜையும் கழித்துவிட்டு, அம்மா தினமும் வெந்நீரில் குளித்தாலும் உங்கள் வீட்டுச் செலவு 110 யூனிட்தான் வரும். மறுபடியும் பூஜ்யம் பில். இதை விட்டுவிட்டு இன்னொரு திட்டத்துக்கு மனு எழுதிக்கொண்டு எந்த வாசலிலும் போய் நிற்காதீர்கள்.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டம் வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான். வீட்டு இணைப்பில் வியாபாரம் ஓடுவதை அதிகாரிகள் பிடித்தால், மின்சாரச் சட்டப்படி இரண்டு மடங்கு கட்டணம் போடலாம். வீட்டு ஓனரிடம் பேசுங்கள். உங்கள் ஏரியா பெஸ்காம் (பெங்களூரு மின் விநியோக நிறுவனம்) சப்-டிவிஷன் ஆபீஸில் மாவு வேலைக்குத் தனி இணைப்பு கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1912க்கு போன் போடலாம். அந்தத் தனி மீட்டருக்கு மாதம் 1,300 ரூபாய் ஆகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 450 கிலோ விற்கிறீர்கள், கிலோவுக்கு 3 ரூபாய் ஏற்றினால் சரியாகிவிடும். பக்குவமான மாவுக்கு 3 ரூபாய் கூடக் கொடுக்க லிங்கராஜபுரத்தில் ஆள் இருக்கும். கரண்ட் செலவை விலையில் சேர்க்காமல் நடத்தும் வியாபாரத்தின் நஷ்டம் வீட்டில் வாய் திறக்காத ஆளின் மேல்தான் விழும். உங்கள் வீட்டில் அது அம்மா மேல் விழுந்திருக்கிறது.

பெற்றவளைக் கூட்டிவந்து வைத்துக்கொள்வது உங்கள் கடமை, அதைச் செய்தீர்கள். ஆனால் அவர் இந்த வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை. தினம் 15 கிலோ மாவுக்கு உழைக்கிறார். உங்கள் சம்பளத்துக்கு அடுத்தபடி வீட்டுக்கு வருகிற வருமானம் அவருடையதுதான். உங்கள் கடிதத்தில் அவருக்கென்று ஒரு ரூபாய் எங்கே ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று தேடினேன், காணவில்லை.

கடிதம் கண்டதும் வெந்நீரைத் தினமும் ஆக்குங்கள். ராடு போட்டிருக்கும்போது தண்ணீரைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு நீங்களே விளாவிக் கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் மாவுக் கணக்கு முடிந்ததும் அம்மாவின் பங்கைத் தனியாக எடுத்து, மனைவி மூலமாகவோ பிள்ளைகள் மூலமாகவோ இல்லாமல், நேராக அவர் கையில் கொடுங்கள். அதை அவர் எதற்குச் செலவு செய்கிறார் என்று கேட்காதீர்கள்.