வரைபடம் போடுவது ஒரு வேலையா? ஒரு அப்பாவின் கேள்விக்கு

வணக்கம் ஐயா. நேற்று போனில் உங்கள் மகளின் படிப்பைப் பற்றி நீங்கள் கேட்டது மனசிலேயே நிற்கிறது. “கட்-ஆஃப் நல்லா இருக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும். இவ ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் படிச்சு, ஊர் மக்களை வச்சு வரைபடம் போடப் போறேன்னு நிக்கிறா. அது ஒரு வேலையா சார்?”

வேலைதான். ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் என்றால் செயற்கைக்கோள் படம், ஜி.பி.எஸ்., கணினி ஆகியவற்றை வைத்து இடங்களின் தகவலை வரைபடமாக்கும் படிப்பு. எப்படிப்பட்ட வேலை என்று சொல்கிறேன், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

நம் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். கரையோரம் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பதற்குக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம்தான் அடிப்படை. அது 1:25,000 அளவில் இருக்கும். தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர். ஒரு குப்பத்தில் வலை காயவைக்கும் இடம் 50 மீட்டர் நீளம் இருந்தால் தாளில் 2 மில்லிமீட்டர். செயற்கைக்கோள் படத்தில் அது வெறும் மணல். அங்கே வாழ்கிறவர்கள் சொல்லி யாராவது குறித்தால்தான் அது படத்தில் வரும். இல்லையென்றால் காலி இடம் என்றே கணக்கு. எண்ணூரில் 1996-இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இருந்த கழிமுகம் பிறகு வந்த வரைபடத்தில் இல்லை என்று மீனவர்கள் முறையிட்டார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட முடிந்ததுதான் அவர்களுக்குப் பலம். சென்னை ஊரூர் குப்பத்திலிருந்து மீனவர்களே ஜி.பி.எஸ். வைத்துத் தங்கள் கரையை வரைபடமாக்கியிருக்கிறார்கள்.

இதற்கான மென்பொருள் பெரிய தடை இல்லை. க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் இலவசம், ஆர்வம் இருந்தால் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு மாணவன் தன் ஊர் ஏரியைப் படம் போட்டான். கிராம வரைபடத்தை ஸ்கேன் செய்து, கோயில் மூலை, சர்வே கல் என்று நான்கு புள்ளிகளை வைத்துச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தினான். அச்செடுத்துத் திண்ணையில் விரித்தபோது ஒரு பாட்டி விரலை வைத்து, “கலங்கல் இங்க இல்லப்பா, அந்தப் புளியமரத்துப் பக்கம். இந்த வரத்துக்கால்வாயைத் தூர்த்துத்தானே ரோடு போட்டாங்க” என்றார். கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் இடம்; வரத்துக்கால்வாய் ஏரிக்கு நீர் கொண்டுவருவது. தூர்த்துவிட்ட அந்தக் கால்வாயின் கோடு இன்றைய செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. அதைக் கேட்டு வாங்கப் பொறுமை வேண்டும். எதைப் படத்தில் போடக்கூடாது என்றும் கேட்க வேண்டும். மீன் கிடைக்கும் இடத்தையும் மூலிகை இருக்கும் இடத்தையும் ஊருக்கே காட்டிவிட்டால் நஷ்டம் சொன்னவர்களுக்குத்தான்.

படிப்பு என்று பார்த்தால், கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் இருக்கிறது. சிவில் அல்லது புவியியல் படித்துவிட்டு மேற்படிப்பில் இந்தப் பக்கம் வருகிறவர்களும் உண்டு. டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இலவச ஆன்லைன் வகுப்புகள் நடத்துகிறது. மகள் இப்போதே சேர்ந்து பார்க்கலாம்.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். மக்களோடு உட்கார்ந்து செய்கிற இந்த வேலை பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களிலும் ஆய்வுத் திட்டங்களிலும்தான் கிடைக்கும். தொடக்கத்தில் ஐ.டி. சம்பளத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அதே திறமைக்கு மேப்பிங் கம்பெனிகளிலும் குடிநீர், நகரத் திட்டமிடல் பணிகளிலும் இடம் இருக்கிறது. கூடவே பைத்தான் என்ற கணினி நிரல் மொழியையும் கற்றுக்கொண்டால் வழி இன்னும் அகலமாகும். பயந்து தடுக்க வேண்டிய படிப்பு இல்லை ஐயா.

உங்களுக்கு இன்னும் தயக்கம் இருந்தால் இந்த விடுமுறையில் ஒன்று செய்யச் சொல்லுங்கள். உங்கள் ஊர் ஏரியை அவள் நடந்து பார்க்கட்டும். மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய் எல்லாவற்றையும் போன் ஜி.பி.எஸ்.ஸில் குறிக்கட்டும். சில மீட்டர் தள்ளிக் காட்டும், பரவாயில்லை. பிறகு ஐந்து பெரியவர்களிடமாவது அந்தப் படத்தைக் காட்டித் திருத்தி வாங்கட்டும். ஒரு நாளாவது நீங்களும் கூடப் போங்கள். அவர்கள் தப்பு என்று சொல்லும்போது அவள் முகம் வாடுகிறதா, பென்சிலை எடுக்கிறாளா என்று பாருங்கள். கலந்தாய்வில் கல்லூரி, பாடப்பிரிவு விருப்பங்களைப் பதியும் சாய்ஸ் ஃபில்லிங் தொடங்கும் முன்பு அந்தப் படத்தோடு இருவரும் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். திருத்திய படத்தை ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைக்கவும் முடியும்.